வாசித்துக் காட்டாத சீதன உறுதி

மகளுக்குக் கலியாணம் பேசும்போது தாயின் வீடுவளவை மகளின் பெயருக்கு எழுதிக் கொடுப்பது மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் தலைமுறைகளாக வரும் வழக்கம். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமை எங்களைக் கட்டுப்படுத்துவதில்லை. இங்கே ஒரு காலத்தில் இருந்த, முக்குவர் சமூகத்தின் வழக்கச் சட்டமான முக்குவர் சட்டமும் 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தோடு வழக்கொழிந்துவிட்டது. ஆகவே தாய்வழிச் சொத்து என்ற எங்கள் மரபு இன்று முழுக்க முழுக்க நொத்தாரிசு, அதாவது ஆவணங்களை அத்தாட்சிப்படுத்தும் சட்டத்தரணி, எழுதும் உறுதி என்ற காணிப் பத்திரத்தில்தான் நிற்கிறது.

காணி கைமாற வேண்டுமானால் நொத்தாரிசு முன்னிலையிலும் இரண்டு சாட்சிகள் முன்னிலையிலும் ஒரே நேரத்தில் ஒப்பமிட வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டிலிருந்து உள்ள சட்டம். எழுதிக் கொடுப்பவருக்கு வாசிக்கத் தெரியாவிட்டால், அல்லது அவர் கேட்டுக்கொண்டால், சாட்சிகளும் கேட்க உறுதியை வாசித்து விளக்கிய பிறகே நொத்தாரிசு அதை அத்தாட்சிப்படுத்தலாம் என்று 1907ஆம் ஆண்டின் நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. ஆனால் நான் நேரில் கண்டது வேறு. மாப்பிள்ளை வீட்டார் பிடித்த நொத்தாரிசு. பணம் கொடுத்ததும் அவர்களே. மேசையில் மைப்பெட்டி தயாராக இருக்கிறது, சாட்சிக்கு அங்கே வேலை செய்யும் இரண்டு பேர். "இதில பெருவிரல வையுங்க அம்மா, எல்லாம் சரியா எழுதியிருக்கு" என்றார்கள். அந்தத் தாய் வைத்தார். வாசித்துக் காட்டும்படி அவர் கேட்கவில்லை. மருமகன் வீட்டார் முன்னால் அப்படிக் கேட்பது அவர்களை நம்பாதது போலாகிவிடும் என்று அஞ்சினார்.

அந்த உறுதியில் சீவிய உரித்து என்ற ஒரு வரி இல்லை. அந்த வரி இருந்தால் உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமை சட்டப்படி தாயிடமே இருக்கும். இல்லாவிட்டால் மகள் நல்லவளாக இருக்கும்வரைதான். மீளப்பெற முடியாத நன்கொடையை, பெற்றவர் பெரும் நன்றிகேடு செய்தார் என்று காட்டி இரத்துச் செய்ய நீதிமன்றத்தை நாடும் வழியை 2017ஆம் ஆண்டின் ஒரு சட்டம் தனியாகவே வகுத்திருக்கிறது. நன்றிகேட்டை நீதிபதி எடைபோடும் விசித்திரம் இது என்று சட்டம் படிப்பவர்கள் வியக்கலாம். பெற்ற பிள்ளையை எதிர்த்து, தவணைக்குத் தவணை நீதிமன்றப் படியேறி, வீட்டுக்குள் நடந்த அவமானத்தைச் சாட்சிக்கூட்டில் சொல்ல எத்தனை தாய்மாருக்கு மனம் வரும்?

சட்டத்தரணித் தொழிலின் ஒழுக்கம் இந்த இடத்தில்தான் சோதிக்கப்படுகிறது என்பது என் உறுதியான கருத்து. பணம் யார் கொடுத்தாலும், கையிலிருப்பதை இழக்கப்போகிறவர் தாய். அவருக்கு விளங்கியதா என்பதே நொத்தாரிசின் முதல் கவலையாக இருக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டாரைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, "அம்மா, இந்த வீட்டில சாகுமட்டும் இருக்கிற உரிமைய எழுதட்டா?" என்று கேட்க ஐந்து நிமிடம் போதும். அப்படிக் கேட்கும் சட்டத்தரணிகள் எங்கள் பகுதியில் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் போங்கள். உறுதியின் வரைவை ஒரு கிழமைக்கு முன்பே வாங்கி, வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கொண்டு வீட்டில் வைத்தே தாய்க்கு வாசித்துக் காட்டுங்கள். ஒப்பம் வைத்த பிறகு அந்த வரியைச் சேர்ப்பதற்கு மகளும் சம்மதித்து இன்னொரு உறுதி எழுத வேண்டியிருக்கும்.