காணிக்காரர் நிலம்: ஒரு திருத்தம்

"காணிக்காரங்க வனத்துறை நிலத்தை வளைச்சுப் போட்டவங்க, 2006 சட்டத்துல பட்டா வாங்கி வித்துருவாங்க"ன்னு மேலே எழுதியிருக்கீங்க அண்ணே. காணிக்காரங்க எங்க கன்னியாகுமரி மாவட்ட மலையில வாழுற பழங்குடிங்க. நீங்க சொன்ன ரெண்டுமே தப்பு.

அந்த 2006 சட்டம், அதாவது வன உரிமைச் சட்டம், புதுசா நிலம் எதையும் தூக்கிக் கொடுக்கல. 2005 டிசம்பர் 13-க்கு முன்னாலேயே பழங்குடிகள் கைவசம் இருந்த நிலத்தைத்தான் அங்கீகரிக்குது, அதுவும் அதிகபட்சம் 4 ஹெக்டேர். பிள்ளைகளுக்குப் போகும், விக்கவோ பேர் மாத்தவோ முடியாது. அந்த மலையில பேச்சிப்பாறை அணை கட்டி முடிச்சது 1906-ல், அரசு ரப்பர் கழகம் வந்தது 1984-ல். இது எல்லாத்துக்கும் முன்னாலேயே அந்த மலையில இருந்தவங்க அவங்க.

வளைச்ச கதை வேணும்னா எங்க வீட்டுலயே இருக்கு. குலசேகரம் பக்கம் உள்ள எங்க ரப்பர் விளை (தோட்டம்) எப்படி வந்ததுன்னு நானும் தம்பியும் போன மாசம் பாட்டிகிட்ட கேட்டோம். "ஒரு கெட்டு புகையிலையும் ரெண்டு கூடை கருவாடும் குடுத்து உங்க பாட்டா (தாத்தா) ஒரு காணிக்காரர்கிட்ட வாங்கினது"ன்னு வெத்தலையில சுண்ணாம்பு தடவிட்டே சொன்னாங்க. அந்தக் காணிக்காரர் பேர் என்னன்னு கேட்டோம். வெத்தலையைக் கீழே வச்சிட்டு எழுந்து உள்ளே போயிட்டாங்க. அந்த விளையோட ரப்பர் பால் வித்த காசுலதான் நாங்க ரெண்டு பேரும் படிச்சோம்.