16 ஆம்பியர் எம்சிபிக்குப் பதில் 32 போடலாமா?
எம்சிபி என்பது மின்னோட்டம் அளவு மீறினால் தானாக விழுந்து (ட்ரிப் ஆகி) மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச். “எம்சிபி அடிக்கடி ட்ரிப் ஆனால் 16 ஆம்பியரைக் கழற்றிவிட்டு 32 போடுங்கள், தொல்லை விட்டது” என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். தயவுசெய்து வேண்டாம். எம்சிபி காப்பது கீசரையோ மிக்ஸியையோ அல்ல, சுவருக்குள் ஓடும் வயரை. 2.5 சதுர மி.மீ. வயருக்குப் பொதுவாக 16 ஆம்பியர்தான் கணக்கு. 32 போட்டால் வயர் சூடேறி உருகத் தொடங்கினாலும் எம்சிபி விழாமல் அது பாட்டுக்குச் சும்மா இருக்கும்.

2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் இழுப்பதே ஏறக்குறைய 9 ஆம்பியர். அதற்கே விழுகிறதென்றால் கோளாறு வேறெங்கோ. எங்கள் வீட்டில் எம்சிபியின் திருகு தளர்ந்து, வயர் நுனி கருகிக் கிடந்தது. மெயினை அணைத்து, கருகியதை வெட்டி, புதிதாகச் சீவி இறுக்கினோம். எம்சிபியையும் மாற்றினோம், அதே 16தான். அப்புறம் விழவில்லை. சுவிட்சைப் போட்ட கணமே விழுந்தால் பெரும்பாலும் ஷார்ட். அதற்கு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.