ஒரு ஜிபி சர்வரில் அந்த 80 சதவீதம் வேண்டாம்

சின்ன சர்வரில் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் அடிக்கடி நின்றுபோகிறது என்று யாராவது கேட்டால், உடனே வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "இன்னோடிபி பஃபர் பூலை ராமில் 80 சதவீதத்துக்கு ஏத்துங்க." இன்னோடிபி என்பது மைஎஸ்கியூஎல்லில் தரவைச் சேமிக்கும் பகுதி, பஃபர் பூல் என்பது படித்த தரவை அது ராமில் வைத்துக்கொள்ளும் இடம். அந்த 80 சதவீதம் மைஎஸ்கியூஎல் ஆவணத்திலேயே இருக்கும் அறிவுரைதான். ஆனால் அது டேட்டாபேஸ் மட்டுமே ஓடும் மெஷினுக்கு என்று அங்கேயே எழுதியிருக்கிறது. அந்தப் பாதியை விட்டுவிட்டு மீதியை மட்டும் பரப்புகிறோம். சின்னக் கடைகள், பள்ளிகள், அறக்கட்டளைகள் ஒரு ஜிபி ராம் மட்டுமே உள்ள விபிஎஸ்ஸை (வாடகைக்கு எடுக்கும் மெய்நிகர் சர்வரை) நம்பித்தான் தளம் நடத்துகின்றன. அதனால்தான் இதை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அந்த ஒரு ஜிபிக்குள் வெப் சர்வரான என்ஜின்எக்ஸ், தளத்தின் நிரலை ஓட்டும் பிஎச்பி, வேர்ட்பிரஸ், ராத்திரி பேக்கப் எல்லாமே இருக்கின்றன. பஃபர் பூலுக்கு 800 எம்பி கொடுத்த அன்று எதுவும் ஆகாது, தளம் வேகமாகக்கூட இருக்கும். காரணம், அந்த இடம் முழுவதையும் மைஎஸ்கியூஎல் ஆரம்பத்திலேயே தொடுவதில்லை. டிஸ்கிலிருந்து தரவுப் பக்கங்களை (டேபிளின் சிறு துண்டுகளை)ப் படிக்கப் படிக்கத்தான் நிரம்பும். சில நாள் கழித்து, பேக்கப் ஓடும் நேரத்தில், லினக்ஸுக்கு மெமரி தீர்ந்துவிடும். அப்போது லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலின் ஓஓஎம் கில்லர் வருகிறது, மெமரி தீர்ந்தால் ஏதாவது ஒரு பிராசஸை நிறுத்தி இடம் பிடிப்பது அதன் வேலை. அது பார்ப்பது யார் அதிகம் வைத்திருக்கிறார்கள் என்பதைத்தான், அதனால் பெரும்பாலும் டேட்டாபேஸையே கொல்லும். டேட்டாபேஸ் லாகில் காரணம் எதுவும் இருக்காது. கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜில் தேடினால்தான் "அவுட் ஆஃப் மெமரி" என்ற வரி கிடைக்கும்.

இங்கே பலர் செய்வது, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து, நின்றிருந்தால் திரும்ப ஆரம்பிக்கும் ஒரு கிரான் வேலையை (குறித்த நேரத்தில் தானாக ஓடும் கட்டளையை) எழுதிவிட்டு நகர்வது. எனக்கு இதில் கடுமையான மறுப்பு உண்டு. ஒவ்வொரு முறை கொல்லப்படும்போதும் இன்னோடிபி தன் ரீடூ லாகை (மாற்றங்களை எழுதிவைக்கும் பதிவை)ப் படித்து மீட்டெடுக்க வேண்டியிருக்கிறது, பஃபர் பூலும் காலியிலிருந்து நிரம்ப வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் பணம் கட்ட வந்தவருக்கு பிழைப் பக்கம்தான் தெரியும். நோய் அப்படியே இருக்கும்.

நான் முதலில் பார்ப்பது பஃபர் பூலை அல்ல, கனெக்ஷன்களின் எண்ணிக்கையை. மைஎஸ்கியூஎல்லில் மேக்ஸ் கனெக்ஷன்ஸ், அதாவது ஒரே நேரத்தில் எத்தனை கனெக்ஷன் இருக்கலாம் என்ற வரம்பு, இயல்பாக 151. வரிசைப்படுத்த உதவும் சார்ட் பஃபர், டேபிள்களை இணைக்க உதவும் ஜாயின் பஃபர் இரண்டும் தலா 256 கேபி. இவை ஒவ்வொரு கனெக்ஷனுக்கும் தனித்தனி, தேவைப்படும்போது எடுக்கப்படுபவை. இயல்பு அளவில் பெரிய ஆபத்தில்லை. ஆனால் எங்கோ படித்துவிட்டு சார்ட் பஃபரை 8 எம்பி ஆக்குகிறார்கள். 151 பேரும் ஒரே நேரத்தில் வரிசைப்படுத்தினால் 1208 எம்பி. சர்வரில் இருப்பதே அவ்வளவு இல்லை! தற்காலிக டேபிள்கள் தனிக் கணக்கு. மைஎஸ்கியூஎல் 8.0-ல் அவற்றின் மொத்த ராம் வரம்பு இயல்பிலேயே 1 ஜிபி. நம் மெஷினின் முழு ராமும் அவ்வளவுதான்.

சரி, எத்தனை கனெக்ஷன் வேண்டும்? இதற்குப் பதில் டேட்டாபேஸில் இல்லை, பிஎச்பி-எஃப்பிஎம்மில் இருக்கிறது. தளத்துக்கு வரும் கோரிக்கைகளைக் கவனிக்கும் வொர்க்கர் பிராசஸ்களை நிர்வகிப்பது அதுதான். ஒரு பிஎச்பி வொர்க்கர் பொதுவாக ஒரு கனெக்ஷன்தான் திறக்கும். வொர்க்கர்கள் ஐந்து என்றால், வேறு வேலைகளையும் சேர்த்து 20 கனெக்ஷன் தாராளம். நான் பார்த்தவரை வேர்ட்பிரஸில் ஒரு வொர்க்கர் 40 முதல் 80 எம்பி வரை தின்கிறது, ப்ளக்இன்கள் கூடினால் அதற்கும் மேலே. ஐம்பது வொர்க்கர் என்று வைத்துவிட்டு டேட்டாபேஸைக் குறைத்துக்கொண்டே போவதில் அர்த்தமில்லை. கல்யாண மண்டபத்தில் இலை போட இடம் இருக்கும் அளவுக்குத்தான் ஒரு பந்தியில் உட்கார வைக்கிறோம், மற்றவர்கள் கொஞ்சம் காத்திருக்கிறார்கள். வொர்க்கர் எண்ணிக்கையைக் குறைத்தால் கூட்ட நேரத்தில் சிலருக்குப் பக்கம் ஒரு நொடி தாமதமாக வரும். தளம் மொத்தமாக விழுவதைவிட அது எவ்வளவோ மேல்.

ஒரு ஜிபியில் நான் வைப்பது இப்படி: சிஸ்டத்துக்கும் வெப் சர்வருக்கும் சுமார் 200 எம்பி, பிஎச்பிக்கு 350, மைஎஸ்கியூஎல்லுக்கு எல்லாம் சேர்த்து 300 முதல் 350, மீதி கெர்னலின் ஃபைல் கேஷுக்கு (படித்த ஃபைல்களை ராமில் வைத்திருக்கும் இடத்துக்கு). பஃபர் பூலை இயல்பான 128 எம்பியிலேயே விடுகிறேன். இதற்குள் அடங்க, டேட்டாபேஸின் உள்வேலைகளை அளக்கும் பெர்ஃபார்மன்ஸ் ஸ்கீமாவை அணைக்க வேண்டியிருக்கும். மைஎஸ்கியூஎல்லில் அது இயல்பாக ஆனில் இருக்கும், சும்மா கிடக்கும்போதே நல்ல அளவு மெமரி எடுக்கும். மைஎஸ்கியூஎல்லிலிருந்து பிரிந்த மரியாடிபியில் இயல்பாகவே ஆஃப். பெரிய இடத்தில் அதை அணைக்கச் சொல்ல மாட்டேன், பிரச்சினையைத் தேட உதவும் கருவி அது.

மைஎஸ்கியூஎல்லுக்குப் பதில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் வைத்திருப்பவர்களுக்கு: ஷேர்டு பஃபர்ஸ் (அங்கே பஃபர் பூல் போன்றது) ராமில் 25 சதவீதம் என்று ஆவணம் சொல்வது நியாயமான தொடக்கம், ஆனால் அதுவும் டேட்டாபேஸ் மட்டுமே ஓடும் மெஷினுக்குச் சொன்னதுதான். அங்கே கண்ணி வொர்க் மெம் என்ற மெமரி வரம்புதான். இயல்பு 4 எம்பி, ஆனால் அது ஒரு கனெக்ஷனுக்கு இல்லை, ஒரு குவெரிக்குள் (டேட்டாபேஸிடம் கேட்கும் ஒரு கேள்விக்குள்) நடக்கும் ஒவ்வொரு சார்ட்டுக்கும் ஹேஷுக்கும். அதோடு ஒவ்வொரு கனெக்ஷனும் ஒரு தனி பிராசஸ். அவற்றில் ஒன்றை ஓஓஎம் கில்லர் கொன்றால் போஸ்ட்கிரெஸ் மற்ற எல்லாக் கனெக்ஷன்களையும் துண்டித்து மீட்பு வேலையை ஆரம்பிக்கும். அதனால் பலருக்குச் சில கனெக்ஷன்களையே பகிர்ந்து கொடுக்கும் பிஜிபவுன்சர் போன்ற ஒன்றை முன்னால் வைத்து கனெக்ஷனைச் சுருக்குவது நல்லது.

ஸ்வாப் (ராம் போதாதபோது டிஸ்கில் பயன்படுத்தும் இடம்) கூடவே கூடாது என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரு ஜிபி ஸ்வாப் வைத்து, அதை எவ்வளவு தாராளமாகப் பயன்படுத்துவது என்பதைச் சொல்லும் ஸ்வாப்பினஸ்ஸை இயல்பான 60-லிருந்து 10-க்கு இறக்கினால், பேக்கப் நேரத்துத் திடீர் ஏற்றத்தை அது தாங்கிக்கொள்ளும். அன்றாடம் அதில்தான் ஓடுகிறது என்றால் மட்டும் பிரச்சினை.

அப்புறம், மெமரி போதவில்லை என்று வரும் இடங்களில் நிறைய முறை உண்மையில் போதாமல் இருப்பது இண்டெக்ஸ், அதாவது தேவையான வரியை நேராகக் கண்டுபிடிக்க உதவும் பட்டியல். பத்து வரி எடுக்க ஒரு டேபிள் முழுவதையும் படிக்கும் குவெரி, அந்த 128 எம்பியில் இருந்த தேவையான பக்கங்களை வெளியே தள்ளிவிடும். மெதுவான குவெரிகளைப் பதியும் ஸ்லோ குவெரி லாகை ஒரு வாரம் ஆனில் வைத்துப் பாருங்கள். இவ்வளவும் செய்தபிறகும், மெமரி நிலையைக் காட்டும் விஎம்ஸ்டாட் கட்டளையில் ஸ்வாப் உள்ளே வெளியே என்று ஓடிக்கொண்டே இருந்தால், தயங்காமல் 2 ஜிபிக்கு மாறுங்கள். கூடுதலாக வந்த ராமில் பஃபர் பூலை 512 எம்பி ஆக்குங்கள். வொர்க்கர்களை உடனே கூட்ட வேண்டாம்.