ஸ்பானிஷ் வினையின் வாலை வெட்டாதீர்கள்

ஸ்பானிஷில் 'இப்படி இருந்தால் செய்வேன்' என்று சொல்ல, வினைச்சொல்லின் கடைசி ஆர், ஏர், இர் இவற்றை வெட்டிவிட்டு 'ஈயா' ஒட்டினால் போதும் என்று ஒரு குறிப்பு சுற்றுகிறது. தப்பு. எதையும் வெட்டக் கூடாது, முழுச் சொல்லோடுதான் ஒட்ட வேண்டும்: ஆப்லார் (பேச) ஆப்லாரீயா ஆகும், கொமேர் (சாப்பிட) கொமேரீயா, விவிர் (வாழ) விவிரீயா, மூன்று வகைக்கும் விகுதி ஒன்றேதான்.

வெட்டினால்? கொமீயா வரும். அதற்கு 'சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்', 'அப்போதெல்லாம் சாப்பிடுவேன்' என்றுதான் அர்த்தம், கிடைத்தால் சாப்பிடுவேன் என்று சொல்லப்போய் பழங்கதை பேசியதாக ஆகிவிடும். ஆர் வினையில் இன்னும் மோசம், ஆப்லீயா என்று ஒரு வடிவமே கிடையாது.

நான், அவர் இரண்டுக்கும் ஈயாதான். நீ என்றால் ஈயாஸ், நாம் ஈயாமோஸ், அவர்கள் ஈயான். தெனேர் (வைத்திருக்க) போன்ற சில வினைகளில் மட்டும் அடிச்சொல் மாறும், தெந்த்ரீயா என்று. அப்போதும் விகுதி அதேதான்.