கேனரி வார்ஃப் ஊழலுக்கும் இந்தப் படத்துக்கும் சம்பந்தமில்லை

'தி லாங் குட் ஃப்ரைடே' என்ற பிரிட்டிஷ் தாதா படம், தாட்சர் ஆட்சியில் லண்டனின் பழைய துறைமுகப் பகுதியில் கேனரி வார்ஃப் அலுவலக வளாகத்தைக் கட்டியபோது நடந்த நில ஊழலை அப்படியே எடுத்தது என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். ஆண்டுக்கணக்கே உதைக்கிறது.

படப்பிடிப்பு நடந்தது 1979ல். தாட்சர் பிரதமரானதே அந்த வருடம் மே மாதம்தான். லண்டன் துறைமுகப் பகுதி வளர்ச்சிக் கழகம் 1981ல் வந்தது, கேனரி வார்ஃபில் கட்டுமான வேலை தொடங்கியது 1988ல். அதற்கெல்லாம் முன்பே பாரி கீஃப் கதையை எழுதிவிட்டார்.

ஊழலுக்கு அன்றைய பிரிட்டனில் பஞ்சமே இல்லை. கவுன்சிலர்களுக்கும் அதிகாரிகளுக்கும் லஞ்சம் கொடுத்து வேலை பிடித்த கட்டடக் கலைஞர் ஜான் போல்சன் 1974ல் சிறைக்குப் போனார். லண்டன் போலீஸ் லஞ்சத்தைத் தோண்ட 1978ல் 'ஆபரேஷன் கண்ட்ரிமேன்' தொடங்கியது. படத்தில் வரும் கவுன்சிலர் ஹாரிஸும் போலீஸ்காரர் பார்க்கியும் அன்றைய ரசிகர்களுக்குப் புதியவர்களாகத் தெரிந்திருக்க மாட்டார்கள். டவர் பிரிட்ஜ் பின்னால் தெரிய, தாதாவாக வரும் பாப் ஹாஸ்கின்ஸ் தன் சொகுசுப் படகில் நின்று விருந்தாளிகளிடம் பேசும் காட்சியை இந்தப் பின்னணியோடு பாருங்கள். நடந்து முடிந்த ஒன்றைப் பற்றி அவர் பேசவில்லை, கப்பல்கள் வராமல் போன துறைகளில் இனி எவ்வளவு பணம் பண்ணலாம் என்று கணக்குப் போடுகிறார். எனக்கு அதுதான் இன்னும் பயங்கரமாகப் படுகிறது.

அப்புறம், இது பீட்டில்ஸ் இசைக்குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் எடுத்த படம் என்று சொல்வதும் பாதிதான் சரி. எடுத்தது தொலைக்காட்சி முதலாளி லூ கிரேடின் நிறுவனம். அவர்கள் அதை வெட்டித் தொலைக்காட்சியில் போடப் பார்த்தார்கள். ஹாரிசனின் ஹேண்ட்மேட் நிறுவனம் விலைக்கு வாங்கித் தியேட்டருக்குக் கொண்டுவந்தது.