இன்செப்ஷன்னா கனவுக்குள்ள கனவு இல்லீங்க
மேல ஒருத்தர் இன்செப்ஷன்னா "கனவுக்குள்ள கனவு"ன்னு அர்த்தம், டைரக்டர் நோலனோட இன்செப்ஷன் படத்த பாத்தா புரியும்னு போட்டிருக்காரு, அதுக்கு இத்தன லைக் வேற. தப்புங்க. அந்த இங்கிலீஷ் வார்த்தைக்கு தொடக்கம்னுதான் அர்த்தம், 2010ல படம் வர்றதுக்கு பல நூறு வருஷம் முன்னாடியே இருக்கு, ஆபீஸ் ரிப்போர்ட்ல சின்ஸ் இன்செப்ஷன்னு (தொடங்கினதுலேர்ந்துன்னு) போடுவாங்களே, அதேதான். படத்துலயும் டிகாப்ரியோ டீம் பண்ற வேலை என்ன, ஒருத்தன் மனசுல ஒரு எண்ணத்த அவனுக்கே தெரியாம விதைக்கிறது, அதாவது அத அங்க தொடங்கி வைக்கிறது, அதுக்குதான் அந்தப் பேரு, கனவு அடுக்கெல்லாம் அங்க போய்ச் சேர்ற வழி அவ்ளோதான். அப்புறம் மீம் போடுறவங்க எதுக்குள்ள எது இருந்தாலும் பின்னாடி செப்ஷன்னு ஒட்ட ஆரம்பிச்சாங்க (சிரிப்பாதான் இருக்கும், ஒத்துக்கறேன்), குழப்பமே அங்கதான்.