ரோஸ் எங்கே போச்சு?

தைப்பூசம் நெருங்கினாலே மொரீஷியஸில் கோயில் நோட்டீஸ் வேலை என் தலையில்தான் விழும், அது பரவாயில்லை, ஆனால் காவடி எடுப்பவர்கள் கட்டும் அந்தப் பளீர் ரோஸைத் திரையில் பார்த்துவிட்டு அச்சிலும் அப்படியே வேண்டும் என்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் எரிச்சல். திரை ஒளியை உமிழ்கிறது. தாளில் இருப்பதோ சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு, நாலே மை, அதைத்தான் சிஎம்ஒய்கே என்பார்கள். திரையின் சிவப்பு, பச்சை, நீலக் கணக்கான ஆர்ஜிபியில் 0, 0, 255 என்று மின்னும் நீலம் சிஎம்ஒய்கேவுக்குப் போனதும் கத்தரிப்பூ நிறத்துக்குச் சாய்ந்துவிடும், மெஜந்தாவைக் குறைத்தால்தான் கொஞ்சம் வழிக்கு வரும். மயிலின் பச்சையும் செத்துப்போகும். இதில் மலிவுத் தாள் வேறு, பூச்சே இல்லாமல் மையை உறிஞ்சிவிடுகிறது. எந்த ஐசிசி புரொஃபைல் (அவர்கள் மெஷினிலும் தாளிலும் நிறம் எப்படி விழும் என்று சொல்லும் கோப்பு) என்று அச்சகத்தில் கேட்டால், பிடிஎஃப் அனுப்பு, பார்த்துக்கொள்ளலாம் என்று கிரியோல் மொழியில் பதில். என்னத்தைப் பார்ப்பது? கோயில் தலைவர் வாட்ஸ்அப்பில் பார்த்துத்தான் சரி சொல்கிறார், அதுவும் பிரைட்னஸை முழுசாக ஏற்றிவைத்துக்கொண்டு.